புழுங்கல் மணத்த பஸ்

இரும்புக் குத்தூசி என் மடிக்கு ஒரு முழம் மேலே நின்றது.

சாக்குக்குள் குத்தி, உள்ளே இருப்பது என்ன என்று மாதிரி எடுத்துப் பார்க்கிற ஊசி அது. நடுவே குழி ஓடியிருக்கும். குத்தி இழுத்தால் நெல்லோ அரிசியோ கொஞ்சத்தை அந்தக் குழியில் ஏந்திக்கொண்டு வெளியே வரும். அரிசி ஆலையில் பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்குள், என் மடியிலிருந்த தொட்டில் மெத்தைக்கு மேலே, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே மழை. பஸ்ஸின் தகர ஷட்டர்கள் எல்லாம் இறக்கியிருந்தன. உள்ளே ஈரச் சட்டை, டீசல், வெற்றிலை, யாரோ ஒருவரின் தலையெண்ணெய். பக்கத்தில் என் கணவர். அவருடைய முழங்கால் என் முழங்காலோடு ஒட்டியிருந்தது. நடுங்கியது அவரா, எஞ்சினா என்று தெரியவில்லை.

மெத்தைக்குள் அரிசி இருந்தது. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஊசிக்கு இன்னும் தெரியாது.

அரிசிக்கு வழி மறித்த காலம்

எழுபதுகளின் முற்பாதி. இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போகக்கூடாது என்று தடை. ரோட்டில் மரம் போட்டு மறித்து, பஸ்ஸில் ஏறி, மூட்டை முடிச்சுகளைக் குத்திப் பார்ப்பார்கள். கொழும்பில் சனம் விடியுமுன்னே பாண் என்கிற ரொட்டிக்கு வரிசையில் நின்றது. எங்கள் பக்கத்தில் வயலுள்ளவன் வீட்டில் நெல் இருந்தது. நடுவிலே அந்த மரம் கிடந்தது.

அக்கா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தாள். கனகாலம் கோயில் குளமென்று திரிந்து பெற்ற முதல் பிள்ளை. எங்களுக்கு அம்மா இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த கறியும் புழுங்கலரிசிச் சோறும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது தாய்வீட்டுக் கடமை. தாய்வீடு என்று மிஞ்சியிருந்தது நான் ஒருத்திதான்.

கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்: "பாணும் மரவள்ளியும் திண்டு பால் வத்திப்போச்சுதெண்டு தங்கச்சியிட்டச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லவேண்டாம்."

வேறு ஒன்றும் சொல்லத் தேவையும் இல்லை.

என் கணவர் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். சிங்களச் சோதனையில் சித்தியடையாவிட்டால் வேலை இல்லை என்ற நாட்களில், கடற்கரை மணலில் உலாவி உலாவிப் பாடமாக்கி, அந்த வேலையைப் பிடித்து வைத்திருந்தவர். நாங்கள் லிங்கநகரில் இருந்த வீட்டுக்கு வாடகை, அவருடைய தம்பியின் படிப்பு, எங்கள் சோறு, எல்லாம் அவர் இருந்து எழுதிய அந்த ஒரு கதிரையிலிருந்து வந்தவை. அரசாங்க உத்தியோகத்தன் அரிசி கடத்தினான் என்று ஒரு வரி பைலில் ஏறினால் அந்தக் கதிரையில் வேறு ஆள் இருப்பான்.

"இஞ்ச பாரும்," என்றார் அன்று குசினி வாசலில் நின்று. "பிடிபட்டா அரிசி மட்டும்தான் போகுமெண்டு நினைக்கிறீரோ? என்ர உத்தியோகம் போகும்."

"ஓம்."

"ஓமெண்டா?"

"ஓமெண்டால் போகும்தான். அக்கா பாண் திண்டு பால் குடுக்கிறா."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பொழுதுபட வரும்போது காற்சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை நூற்பந்தை எடுத்து மேசையில் வைத்தார். "நூல் காணாதெண்டு சொன்னீர்." அவ்வளவுதான். அவருடைய சம்மதம் எப்போதும் இப்படி, வாயால் வராமல் பையிலிருந்துதான் வரும்.

கச்சான் அடங்கின பிறகு

திருகோணமலையில் ஆண்டுக்கு இரண்டு காற்று. கச்சான் வீசும் மாதங்களில் தெருவே வறுத்த கடலைபோலக் கிடக்கும்; சுவர் சுடும், உதடு வெடிக்கும், குடாக்கடல் மட்டும் கண்ணாடியாய் அசையாது. பிறகு ஒருநாள் காற்று நின்றுவிடும். வேப்பிலை ஆடாது. துறைமுகத்தில் நிற்கிற கப்பலின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கும். அடுத்து வாடை எழும்பும், கடல் கறுக்கும், மாரி வரும்.

இரண்டு காற்றுக்கும் நடுவே உள்ள அந்தச் சில நாட்கள் எனக்கு உடம்பில் ஒரு ஊரல். ஓர் இடத்தில் இருக்க ஏலாது. ஆண்டுதோறும் அந்த இடைவெளியில்தான் நாங்கள் கொழும்புக்குப் போய்வருவோம். நாலு நாள். அவருக்குப் பழைய புத்தகக் கடைகள், எனக்குப் புறக்கோட்டைத் துணிச்சந்து.

அந்தச் சந்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த வாரத்துப் பக்கம் போதாது. கண்ணாடிப் போத்தல்களில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்த பொத்தான்கள். பட்டுநூல் கட்டுகள். நிறுத்து விற்கிற வெட்டுத்துண்டுத் துணிகள். அந்தக் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டால் கண் பார்க்குமுன் விரல் சொல்லும்: இது பருத்தி, இது கலப்பு, இது யாரோ ஒரு மணப்பெண்ணின் இரவிக்கையில் மிஞ்சியது. மாலையில் காலிமுகத் திடலில் காற்று வாங்கிக்கொண்டு, மடியில் அந்தத் துணிப்பொதி சூடாக இருக்க, அவர் வாங்கித் தந்த ஐஸ்கிறீம் மணிக்கட்டால் ஒழுகும். பெரிய இன்பங்கள் எனக்குக் கேள்வி ஞானம்தான். இது நான் தொட்ட இன்பம்.

துண்டோடு துண்டு பொருத்தித் தைப்பது எனக்குப் பைத்தியம். எங்கள் ஊரில் அதற்குத் தனியான ஒரு பொருளும் கிடைத்தது. வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது விற்றுத் தள்ளிய சாமான்களோடு கப்பல் கொடித்துணியும் ஊருக்குள் வந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம். மெல்லிய துணி, உப்புக் காற்றைத் தாங்கிப் பழகியது. பதினைந்து பதினாறு வருடம் கழித்தும் அது யன்னல் சீலையாக, தலையணை உறையாக, பாவாடைக் கரையாக வீடுகளில் கிடந்தது. நான் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தேன். ஊசி அதற்குள் போகும்போது "பிசுக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே தைக்கலாம்.

அந்த முறை வெட்டியது அக்காவின் பிள்ளைக்கு. தொட்டில் மெத்தை. கட்டம் கட்டமாக. என் வாழ்க்கையில் நான் தைத்த மிக அழகான சாமான் அதுதான். அதற்குள்ளேதான் அந்தக் களவு.

"ஆம்புளயள் நடுவிலதான் குத்துவாங்க"

அரிசி சுலைஹா ராத்தா தந்தது. குறிஞ்சாக்கேணிக்காரி. கலியாண வீடுகளுக்குத் தலையணை மெத்தை தைத்துக் கொடுப்பவள். எனக்கு மூத்த சிநேகிதி; ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. பாதையில், அதாவது ஆட்களையும் வண்டியையும் ஏற்றி ஆற்றுவாயைக் கடக்கிற மிதவையில், மற்றக் கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தாள். தையல் கூடைக்குள் அரிசி. மேலே பஞ்சு.

எங்கள் வீட்டு விறாந்தையில் மெத்தை உறையை விரித்துப்போட்டாள். நான் நடுவில் அரிசியை வைத்து, சுற்றிவரப் பஞ்சு வைக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அடி புள்ள, ஒனக்குப் புத்தி ஈக்கா? ஊசி கொண்டு வாறவன் எங்க குத்துவான்?"

"எங்க?"

"நடுவில. ஆம்புளயள் எல்லாம் நடுவிலதான் குத்துவாங்க. ஓரம் பாத்துத் தைக்கிறதும் ஓரம் பாத்துக் கூட்டுறதும் நாமதானே. நடுவில பஞ்சு வை. ஓரக் கட்டத்துக்கு அரிசி. அதுக்கு மேலயும் கீழயும் பஞ்சு. தடவினா மெத்தை, தூக்கினாத்தான் சனியன்."

"தூக்கிப் பாத்தா?"

"ஒன்ட மடியில கிடக்கிறதத் தூக்க அவனுக்கு வெக்கம் வராதா? அல்லாட காவல். தை."

தைத்தோம். ஓரக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பை. அரிசி ஒரு பக்கம் ஒதுங்காதபடி குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத்தையல். ராத்தா தையல் போடும்போது வாய் சும்மா இராது. பக்கத்து வீட்டுச் சண்டையைக் குரல் மாற்றி நடித்துக் காட்டுவாள். இவர், என் கணவர், உள்ளே பத்திரிகை படிப்பதுபோல இருந்தார். தாள் திருப்புகிற சத்தம் வரவே இல்லை.

முடிந்ததும் ராத்தா மெத்தையைக் கைகளில் ஏந்தி, பிள்ளையை ஆட்டுவதுபோல ஆட்டினாள். ஒரு மணி அசையவில்லை. கண்ணுக்கும் பிடிபடாது, கைக்கும் பிடிபடாது. எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

மூக்கை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அந்த ஆண்டு வாடை முந்திவிட்டது. நெல்லை அவித்து, காயப்போட்ட பாயிலேயே மழை பிடித்து, விறாந்தையில் அரைகுறையாக உலர்த்திக் குற்றிய அரிசி அது. ஈரம் முழுவதும் போகவில்லை. அதைப் பஞ்சுக்குள் மூடித் தைத்தால் உள்ளே சூடேறும். சூடேறினால் மணம் எழும்பும். ஆனால் எங்கள் மூக்குக்கு அது மணமே இல்லை. நெல் வெட்டு முடிந்த காலத்தில் கந்தளாயிலிருந்து கிண்ணியா வரை எல்லா வளவிலும் நெல் அவிகிற மணம்தான். மீன்காரன் மீன் மணப்பதை அறிவானா?

மூன்று பேர் இருக்கை

காலை பஸ். மழை எங்களோடு ஏறியது. யன்னல் ஓரம் நான், நடுவில் இவர், நடைபாதை ஓரம் ஒரு கிழவர். சாம்பல்தீவாராம். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, மடியில் பழந்துணியால் கட்டிய ஒரு பொட்டலம், அதன் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"தம்பி எங்க வேலை?"

"துறைமுகக் கந்தோரில்," என்றார் இவர், வேண்டாவெறுப்பாக.

"அப்ப அரசாங்கம்! நல்லது, நல்லது. நான் குருநாகலுக்கு. மகள் வீட்டை. பேரனுக்கு நாளைக்குச் சோறு தீத்தினம். முதல் சோறு. எங்கட வயல் அரிசி..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மடிப்பொட்டலத்தை வாழைப்பழத்தால் இன்னும் கொஞ்சம் மறைத்தார். பிறகு என்னை எட்டிப் பார்த்தார். "பிள்ளைக்கு மெத்தையோ தங்கச்சி?"

"ஓம் ஐயா. அக்கான்ர பிள்ளைக்கு."

"மடி சரியிற சரிவைப் பாத்தா பிள்ளை நல்ல கனமாய் வளரும்போல."

முன் இருக்கைப் பெண் குலுங்கிச் சிரித்தாள். இவருடைய காது சிவந்தது.

கந்தளாய் தாண்டியது. காடு. ஷட்டர் மூடிய பஸ்ஸுக்குள் மனிதச் சூடு ஏற ஏற, கிழவர் மெதுவாக மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். பொடிமட்டையை எடுத்து, இருந்த பொடி முழுவதையும் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, பெரிதாகத் தும்மினார். "எனக்குத் தடிமன்," என்று ஒருவரும் கேட்காமலே சொன்னார். பின்னால் யாரோ ஒரு பார்சலை அவிழ்த்தார்கள், கருவாட்டு வீச்சம். இன்னொருவர் தைலப் போத்தலைத் திறந்து நெற்றியில் பூசினார். பஸ் முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவருக்கும் விளங்கிவிட்டது, என் பக்கம் திரும்பாமலே, "மணக்குது," என்றார், உதடு அசையாமல்.

பஸ் வேகம் குறைந்தது. முன்னே ரோட்டுக்குக் குறுக்கே மரம்.

ஊசி

ஏறிய அதிகாரி மலைநாட்டுப் பக்கத்துச் சிங்களவர்போல. மழைக்கோட்டு. கையில் அந்தக் குத்தூசி. களைத்த முகம், கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயம். முன்னிருக்கைகளில் இரண்டொரு பெட்டியைத் திறக்கச் சொன்னார், இரண்டொரு பையைக் குத்தினார், எங்களிடம் வந்தார்.

"மே மொகத?" என்றார் மெத்தையைக் காட்டி.

இது என்ன என்று கேட்கிறார். இவர் சிங்களத்தில் பதில் சொன்னார். சோதனைக்குப் பாடமாக்கிய சிங்களம். ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டதுபோல வந்தது. மனைவியின் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, இது தொட்டில் மெத்தை.

அவர் தலையாட்டினார். ஊசியை உயர்த்தினார்.

நடுவில் குத்தினார்.

மஞ்சள் கட்டத்துக்கும் நீலக் கட்டத்துக்கும் நடுவே. "பிசுக்" என்று அந்தச் சத்தம். வெளியே வந்த ஊசியின் குழியில் ஒரு கொத்து இலவம்பஞ்சு, வெள்ளையாக, பூப்போல. அதைப் பெருவிரலால் வழித்துப் போட்டார். அடுத்த இருக்கைக்குத் திரும்பினார்.

நான் மூச்சை விட்டேன். விட்டிருக்கக்கூடாதோ என்று இன்றைக்கும் தோன்றும். அவர் நின்றார். முகத்தை நிமிர்த்தி, காற்றை இழுத்தார். கருவாடு, தைலம், பொடி, டீசல் எல்லாவற்றையும் விலக்கி விலக்கி, அவருடைய மூக்கு எதையோ பிடித்துக்கொண்டது.

"புழுங்கல்," என்றார் தமிழில். "இங்க புழுங்கல் அரிசி வாசம்."

மழை மட்டும் கூரையில் அரிசி கொட்டுவதுபோலக் கொட்டியது.

குனிந்து இருக்கைக்குக் கீழே பார்த்தார். நிமிர்ந்தார். கிழவரின் மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்து ஓரமாக வைத்தார். பொட்டலத்தை ஒரு விரலால் அழுத்தினார். ஊசி தேவைப்படவில்லை. முடிச்சை அவிழ்த்தார்.

அரிசி. வெள்ளை வெளேரென்று, நன்றாகக் காய்ந்து, மணி மணியாக.

பச்சையரிசி.

பச்சையரிசிக்கு அந்த மணம் கிடையாது. அவிக்காத நெல்லில் எங்கே அவித்த மணம்? பஸ்ஸிலிருந்த ஒவ்வொரு ஆளுக்கும் அது தெரியும். கிழவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். "ஐயா, இதை மணந்து பாருங்கோ" என்றால் போதும்.

அதிகாரிக்கு அரிசி கிடைத்துவிட்டது. தேடியது இதுதான் என்று அவருக்குத் திருப்தி. இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இவர் எழும்பினார்.

நான் அவருடைய சட்டையைப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கை வரவில்லை. நிமிர்ந்து நின்று, "மஹத்தயா..." என்று தொடங்கினார். உத்தியோகம், வாடகை, தம்பி, கடற்கரை மணலில் பாடமாக்கிய அவ்வளவு சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

கிழவர் அவருடைய தோளில் கையை வைத்து அழுத்தி இருத்தினார்.

"இரும் தம்பி. நான் இறங்க வழிவிட எழும்பத் தேவையில்லை. ஓரத்தில இருக்கிறவன் நான்தானே." குரலைத் தாழ்த்தினார். "போறதுக்கு எனக்கு உத்தியோகம் ஒண்டும் இல்லை. பேரன் அதுக்கென்ன, கடை அரிசி திண்டாலும் வளருவான்."

பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, அந்த யன்னலைத் திற பிள்ளை. தம்புள்ளைக்குக் கிட்ட இன்னுமொரு செக்கிங் இருக்கு. மழை தண்ணிதானே."

இறங்கிப் போனார். மழைக்கோட்டுக்காரர் முன்னே, பொட்டலம் அவர் கையில். கிழவர் பின்னே, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, சேறு மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து. சீப்பு வாழைப்பழம் இருக்கையில் கிடந்தது. முன்னிருக்கைப் பெண் அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மிதிபலகையில் நின்று நீட்டினாள். அவர் வாங்கி, ஒரு பழத்தைப் பிய்த்து அவளிடமே கொடுத்துவிட்டு, ரோட்டோரக் காவல் கொட்டிலுக்குள் போனார்.

மரத்தைத் தூக்கினார்கள். பஸ் நகர்ந்தது.

நான் ஷட்டரை மேலே தள்ளினேன். வரவில்லை. இவர் என் மேலாக எட்டி, இரண்டு கையாலும் தூக்கினார். மழை முகத்தில் அறைந்தது. மெத்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"யன்னலைப் பூட்டுங்கோ! சீட்டெல்லாம் நனையுது!" என்று கொண்டக்டர் கத்தினார்.

"பூட்டேலாது," என்றார் இவர். வாழ்க்கையில் அவர் சொல்லிக் கேட்ட முதல் பொய். "இறுகிப்போச்சு."

எங்களுக்குப் பின்னால் இன்னொரு ஷட்டர் படாரென்று மேலே போனது.

"இதுவும் இறுகிப்போச்சு அண்ணை."

"எங்கடையும்."

"இது நேற்றே இறுகினது, உங்கட டிப்போவில சொல்லுங்கோ!"

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பக்கமும். கருவாட்டுக்காரர், தைலக்காரர், முன்னிருக்கைப் பெண். கொண்டக்டர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். டிக்கெட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பின்கதவுப் பக்கத்து ஷட்டரைத் தானே தூக்கிவிட்டார். காட்டு மழை பஸ்ஸை இந்தப் பக்கத்தால் புகுந்து அந்தப் பக்கத்தால் கழுவிக்கொண்டு போனது.

வழியில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். தம்புள்ளையில் எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். குருநாகலில் பஸ் நிரம்பி, மிதிபலகையிலும் தொங்கினார்கள். எங்கள் மூன்று பேர் இருக்கையில் நடைபாதை ஓரத்து இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. புதிதாக ஏறியவர்கள் இருக்க வந்தால், பின்னாலிருந்து யாராவது சொன்னார்கள்:

"அதில ஆள் இருக்கு."

கொழும்பு வரைக்கும்.